நிலமும் பொழுதும்
பூச்சிகளை அருகிருந்து படம் எடுக்கும் முறை

நம்முள் பொன்வண்டு வளர்க்காதவர் சிலரே இருப்பர். காலித் தீப்பெட்டி ஒன்றில் கருவேல இலை நாலைந்தைக் கிள்ளிப் போட்டு, வண்டை உள்ளே விட்டு மூடி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றிருப்போம். நெருங்கிய நண்பனுக்கு மட்டும் பெட்டியைச் சிறிதே திறந்து காட்டியிருப்போம். தட்டானின் வாலில் நூலைக் கட்டிப் பறக்க விட்டதும் உண்டு. அவற்றின்மீது நமக்குப் பகை இல்லை. அழகான ஒன்றை அருகில் வைத்துக் காணவேண்டும் என்ற ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்கு விலை கொடுத்தவை அந்தப் பூச்சிகளே. சில நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால் வண்டு அசைவற்றுக் கிடக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தில்லிக்கு இயற்பியல் படிக்க வந்த எனக்கு, அதே ஆசை காமிராவின் உருவில் திரும்பி வந்தது. ஒளியியல் படித்தவனாயிற்றே, பூச்சியைப் படம் எடுப்பது லென்ஸைப் பற்றிய கணக்கு மட்டுமே என்று எண்ணினேன். கணக்குச் சரியாகவே இருந்தது; எண்ணந்தான் தவறு. அந்தத் தவற்றையும், அதிலிருந்து கற்றதையும் நம் மன்ற நண்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறேன். படிப்பவர் கையில் பெரிய காமிரா இருக்கவேண்டும் என்பதில்லை. கைப்பேசி போதும், விடியற்காலையில் எழும் மனம் இருந்தால் இன்னும் நல்லது.

முதற்பொருளும் கருப்பொருளும்

தொல்காப்பியம் ஐந்திணையை வகுக்கும்போது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. விலங்கும் பறவையும் மரமும் உணவும் கருப்பொருள். நிலமும் பொழுதும் அமைந்த பிறகே கருப்பொருளுக்கு இடம். மழைக்குப் பின் ஈர மண்ணில் ஊரும் செந்நிற மூதாயை முல்லைத் திணைப் பாடல்களில் காண்கிறோம். நம் ஊர்களில் அதனைத் தம்பலப்பூச்சி என்பர். எட்டுக் கால் உடையதாதலின் விலங்கியலார் அதனைப் பூச்சியினத்தில் சேர்ப்பதில்லை. சிலந்தியின் உறவு அது. நாம் இங்குக் கருதவேண்டியது வேறொன்று. மூதாய் என்றவுடன் கார்காலமும் ஈர நிலமும் உடன் நினைவுக்கு வருகின்றன. அந்த நிலமும் பொழுதும் நீங்கினால் அது ஒரு சிவப்புப் புள்ளி மட்டுமே.

பூச்சிப் படத்துக்கும் இவ்விதி பொருந்தும். வெள்ளைத் தாளின்மேல் வைத்து எடுத்த வண்டின் படம் அதன் உறுப்புகளைக் காட்டும். அது எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, யாருக்கு அஞ்சி ஒளிகிறது, எந்த நேரத்தில் உறங்குகிறது என்பவற்றை அது காட்டாது. இயற்கைச் சூழலில் படம் எடுத்தல் என்பதன் பொருள், கருப்பொருளை முதற்பொருளோடு சேர்த்து எடுத்தல் என்பதே.

சிறிது வரலாறு

அசையும் பூச்சியை அசையாமல் நிறுத்தும் சிக்கல் காமிராவுக்கு முந்தியது. 1665-இல் இலண்டனில் வெளிவந்த ‘மைக்ரோகிராஃபியா’ என்ற நூலில், இராபர்ட் ஹூக் தாம் நுண்ணோக்கியில் கண்டவற்றைப் பெரிய படங்களாக வரைந்தார். எறும்பு மட்டும் அவருக்கு அடங்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்த எறும்பை அவர் பிராந்தியில் ஆழ்த்தி மயக்கினார். அது செத்ததுபோல் கிடந்தது, அவர் வரைந்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எறும்பு திடீரென்று உயிர்பெற்று எழுந்து ஓடியது. ஹூக் இதனை ஒளிக்காமல் எழுதினார் என்பது அவருடைய நேர்மை. வரையும் கைக்கு ஓர் எறும்பு நெடுநேரம் அசையாமல் கிடக்கவேண்டியிருந்தது. நம் கருவிக்கு அது ஒரு நொடியின் சிறு பகுதி நின்றால் போதும்.

மற்றொரு வழியைக் காட்டியவர் பிரான்சு நாட்டு ஃபாபர் (1823–1915). பிறர் பூச்சிகளை ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்கிய காலத்தில், அவர் செரிஞான் என்ற சிற்றூரில் கல்லும் முள்ளும் நிறைந்த நிலம் ஒன்றை வாங்கி, அங்கே குளவிகளும் வண்டுகளும் வாழும் முறையைப் பல ஆண்டுகள் பார்த்திருந்தார். 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளாக அவர் நூல் வெளிவந்தது. அவர் மகன் பால் எடுத்த ஒளிப்படங்கள் பின்னர் அதன் பதிப்பில் இடம்பெற்றன. தந்தை பல ஆண்டுகள் பார்த்த பின்னரே மகன் எடுத்த படங்கள் அவை. இந்த வரிசை மறக்கத்தக்கதன்று: முதலில் பார்த்தல், பிறகு படம்.

நம்மவருள் மா. கிருஷ்ணனை (1912–1996) நினைக்கலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய அவர், கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் 1996 வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டுப் பல்லியையும் காக்கையையும் பற்றி எழுதினார். அரியதைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டா, வாசலில் இருப்பதைப் பார்க்கக் கற்றால் போதும் என்பதை அவரிடம் கற்கலாம்.

உருப்பெருக்கம்

இனிக் கருவிக்கு வருவோம். ஒரு பொருள் எவ்வளவு நீளமோ, அதே நீளத்தில் அதன் பிம்பம் காமிராவின் ஒளி உணரியில் விழுமானால், அதனை ஒன்றுக்கு ஒன்று என்ற உருப்பெருக்கம் என்பர். முழு அளவு உணரி 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது. எனவே ஒன்றுக்கு ஒன்று என்னும் நிலையில் படத்தில் அடங்கும் பரப்பும் அவ்வளவே. ஒரு தேனீ அந்தப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்நிலையை அடையப் பல வழிகள் உண்டு. அண்மைப் படத்துக்கென்றே செய்த மேக்ரோ லென்ஸ் முதல் வழி. அது விலை மிக்கது. லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே வெற்றுக் குழாய் ஒன்றைச் செருகுவது இரண்டாம் வழி. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் தெரியும். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. குழாய் என்றால் அரைப்பங்கு, 50 மி.மீ. குழாய் என்றால் ஒன்றுக்கு ஒன்று. குழாயினுள் கண்ணாடி எதுவும் இல்லை, காற்றுதான். ஆதலால் விலையும் குறைவு. லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி ஒரு வளையத்தால் மாட்டுவது மூன்றாம் வழி. இவை எதுவும் இல்லாதவர் கைப்பேசியின்மேல் கவ்வும் சிறு லென்ஸ் ஒன்றை வாங்கலாம். என் முதல் ஆண்டுப் படங்கள் அனைத்தும் அவ்வாறு எடுத்தவையே.

லென்ஸின் முகப்பிலிருந்து பூச்சிவரை உள்ள தொலைவும் கவனிக்கத் தக்கது. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில், ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில், இது ஏறத்தாழ 15 செ.மீ. இருக்கும். குவியத் தொலைவு குறைந்த லென்ஸுகளில் இன்னும் குறையும்; கைப்பேசிக் கவ்வு லென்ஸில் இரண்டொரு விரற்கடையே மிஞ்சும். அத்துணை அருகில் நம் மூச்சுக்காற்றே தட்டானுக்குப் புயலாகிவிடும்.

தெளிவின் ஆழம்

புதிதாகத் தொடங்குவோர் முதலில் மனம் சோர்வது இங்கேதான். பூச்சியின் கண் கூர்மையாக இருந்தால் சிறகு மங்கும். சிறகு தெளிந்தால் கண் மங்கும். லென்ஸில் குறை இல்லை. அருகே செல்லச் செல்லத் தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்குவது ஒளியியலின் விதி.

ஒரு கணக்கைப் பாருங்கள். முழு அளவு உணரி, ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கம், துளை எண் 11 என்று கொண்டால், தெளிவின் ஆழம் ஏறத்தாழ 1.3 மி.மீ. மட்டுமே. ஒரு சுளுக்கெறும்பின் தலைகூட அதற்குள் அடங்காது. துளையை இன்னும் சுருக்கினால் ஆழம் சற்றே கூடும். ஆனால் மிகச் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து சிதறுவதால் படம் முழுவதும் மெழுகியதுபோல் ஆகிவிடும். மேலும், ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில் 11 என்று வைத்த துளை 22 போலவே செயற்படும். உணரியை அடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும்.

இதற்குக் கைகண்ட உபாயங்கள் மூன்று. முதலாவது, பூச்சியின் உடல் எந்தப் போக்கில் நீண்டிருக்கிறதோ அதற்கு இணையாகக் காமிராவைப் பிடித்தல். சிறகு கூப்பிய வண்ணத்துப்பூச்சியைப் பக்கவாட்டில் எடுத்தால், கிடைக்கும் சிறு ஆழத்துள் சிறகு முழுவதும் அடங்கிவிடும். இரண்டாவது, தானியங்கிக் குவியத்தை நம்பாமல் உருப்பெருக்கத்தை முன்னரே நிறுத்திக்கொண்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக் கண் தெளியும் நொடியில் அழுத்துதல். கண் தெளிந்தால் மற்றவை மங்கினாலும் படம் உயிரோடு இருக்கும்.

மூன்றாவதே எனக்குப் பெரிதும் பிடித்தது: சற்றுப் பின்வாங்குதல். அதே துளையில் உருப்பெருக்கத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 8 மி.மீ. ஆகிறது, ஆறு மடங்கு கூடுதல். படத்தில் பூச்சி சிறிதாகும் என்பது உண்மைதான். ஆனால் அது அமர்ந்த தண்டும், கடித்த இலையின் விளிம்பும், பின்னால் உள்ள புல்லும் உள்ளே வந்துவிடும். அறையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. நிலத்தையும் சேர்த்து எடு என்று ஒளியியலும் சொல்வதுபோல் தோன்றியது.

ஒளியைப் பற்றி ஒரு சொல். நிழலில் கைந்நடுக்கம் படத்தைக் கெடுக்கும். ஃபிளாஷ் விளக்கின் ஆற்றலைக் குறைத்து வைத்தால் அதன் மின்னல் ஏறத்தாழ நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நிற்கும். அதற்குள் எந்த நடுக்கமும் பதியாது. ஆனால் நேரடி ஒளி வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டாக எரியும். வெள்ளைத் தாளையோ, கழுவிய வெள்ளைப் பிளாஸ்டிக் உறையையோ விளக்கின் முன் வளைத்துக் கட்டினால் ஒளி பரவி மென்மையாகும். இதற்குக் காசு செலவில்லை.

பொழுது

பூச்சிகள் தம் உடல் வெப்பத்தைப் பெரிதும் சுற்றுப்புறத்திலிருந்து பெறுகின்றன. இரவின் குளிரில் அவற்றின் தசைகள் தளர்கின்றன. ஞாயிறு ஏறி உடல் சூடாகும்வரை பல பூச்சிகளால் பறக்க இயலாது. எனவே நம் முன்னோர் வைகறை என்று பெயரிட்ட சிறுபொழுதும், அதனை அடுத்து வரும் காலை வேளையும் நமக்கு உற்ற காலம். நண்பகலில் பத்தடிக்கு அப்பால் நம்மைக் கண்டு பறக்கும் தட்டான், காலை ஆறு மணிக்குச் சிறகெல்லாம் பனித்துளி கோத்துப் புல் நுனியில் அசையாதிருக்கும். ஒரே காட்சியைக் குவியம் சிறிது சிறிதாக மாற்றிப் பல படங்களாக எடுத்து, பின்னர்க் கணினியில் ஒன்றாக இணைத்து ஆழத்தைப் பெருக்கும் முறையும் அந்த வேளையில்தான் கைகூடும்.

மாலையும் நன்றே. நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் கூட்டுக்குத் திரும்புவதில்லை. அந்தி நேரத்தில் அவை காய்ந்த தண்டு ஒன்றைத் தேடி வந்து, தாடையால் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கி, வரிசையாகத் தொங்கியபடி உறங்கும். ஓரிடத்தில் அவற்றைக் கண்டால் மறுநாள் மாலையும் அங்கே சென்று பாருங்கள். பெரும்பாலும் ஏமாற்றம் இராது. ஆனால் அருகில் செல்லும்போது தண்டை அசைக்கலாகாது.

பகலில் எடுக்கவேண்டின் பூச்சியின் கண்ணை அறியவேண்டும். தட்டானின் இரு கூட்டுக் கண்களுள் ஒவ்வொன்றிலும் 30,000 வரை சிறு கண்கள் இருக்கக்கூடும். நொடிக்கு ஏறத்தாழ 60 முறைக்கு மேல் மின்னும் ஒளி நம் கண்ணுக்குத் தொடர்ந்து எரிவதாகத் தோன்றும். விரைந்து பறக்கும் ஈக்களின் கண்ணோ 200-க்கு மேற்பட்ட மின்னலையும் தனித்தனியே உணரும். ஆதலின் நம் விரைவு அதனிடம் செல்லாது. நம் மெதுவே செல்லும். பக்கவாட்டில் அசையாமல், நேர்கோட்டில், தாழக் குனிந்து, நிழல் அதன்மேல் விழாத பக்கமாக நகருங்கள். தட்டான்களுள் பல, பறந்து போனாலும் மீண்டும் அதே குச்சிக்கே வந்து அமரும் வழக்கம் உடையவை. துரத்துவோன் ஓடிக் களைப்பான். குச்சியின் அருகே காத்திருப்போன் படம் பெறுவான்.

பெரும்பொழுது என்று கேட்டால், தில்லியில் சூலை முதல் அக்டோபர் வரை உள்ள மழையும் மழை ஓய்ந்த பின்னாள்களுமே சிறந்தவை. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியான ரிட்ஜ் காட்டில் நம் ஊர்ச் சீமைக்கருவேலமே பெரும்பகுதியைப் பிடித்திருந்தாலும், மழைக்குப் பின் அதன் ஓரங்களிலும் புல்வெளிகளிலும் எண்ணற்ற சிற்றுயிர்கள் தோன்றும்.

நிலம்

பூச்சியைத் தேடாதீர்கள்; அதன் செடியைத் தேடுங்கள். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் எல்லா இலைகளையும் தின்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய செடிகள் உண்டு. எருக்கஞ்செடி நிற்கும் இடத்தில் வெந்தய வரியன் வரும். அதன் புழு எருக்கின் நஞ்சைத் தின்று தன் உடலிலேயே சேர்த்து வைக்கிறது. அதனால் பறவைகள் அதனை ஒதுக்குகின்றன. பிள்ளையாருக்கு மாலை கட்டும் எருக்குத்தான், தில்லிச் சாலையோரத்திலும் நிற்கிறது. உண்ணிச்செடிப் பூவில் தேன் குடிக்க வருவன வேறு பல.

நமக்கு இன்னும் நெருங்கிய செடி ஒன்று விடுதிச் சமையலறைக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு இங்கே படித்த யாரோ ஒரு தமிழ் மாணவர் நட்டுப் போன கறிவேப்பிலை அது. நாம் இரசத்துக்குப் பறிக்கும் அந்த இலையில் ‘கறிவேப்பிலை அழகி’ என்னும் கரிய வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. இளந்தளிரில் தனித்தனியாக ஒட்டியிருக்கும் வெளிர்மஞ்சள் முட்டை, கடுகினும் சிறிது. அதிலிருந்து வரும் புழு முதலில் கறுப்பும் வெள்ளையும் கலந்து பறவை எச்சம்போல் இருக்கும். எந்தப் பறவை தன் எச்சத்தைத் தின்னும்? பலமுறை தோலுரித்து வளர்ந்த பின், கடைசிப் பருவத்தில் இலைப் பச்சையாக மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கொம்பு ஒன்றை இரு கிளையாக நீட்டித் துர்நாற்றம் வீசும். பின்னர் ஒரு தண்டில் பட்டு நூலால் இடையைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகும். பசிய இலைகளுக்கு நடுவே அமைந்தால் அந்தக் கூடு பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த சூழலில் பெரும்பாலும் பழுப்பாகவும் அமையும்.

இத்தனையும் ஒரே செடியில் நடக்கின்றன. ஒரு முழு வாழ்க்கையையும் படமாக எடுக்க ஒரு பயணச் சீட்டும் வேண்டியதில்லை.

என் தவறு

சென்ற ஆண்டு மன்ற விழாவில் சுவரில் மாட்டியிருந்த படங்களுள் பச்சைக் கூட்டுப்புழு ஒன்றின் படம் உங்களுள் சிலருக்கு நினைவிருக்கலாம். பின்னணி ஒரே பச்சையாகத் தெளிந்திருக்கும். கூட்டின் ஒவ்வொரு மடிப்பும், இடையில் கட்டிய பட்டு நூலும் தெரியும். பலர் பாராட்டினார்கள். அதன் கதையை அன்று நான் எவரிடமும் சொல்லவில்லை.

அது நம் கறிவேப்பிலைச் செடியில் இருந்தது. முட்டையிலிருந்து தொடர்ந்து பார்த்து வந்தேன். கூட்டைச் சுற்றி இலைகள் அடர்ந்திருந்தன. எங்கிருந்து பார்த்தாலும் ஓர் இலை குறுக்கே நின்றது. காற்றில் அதன் நிழல் கூட்டின்மேல் ஆடியது. சிறிய கத்தரிக்கோலால் நான்கைந்து இலைகளை வெட்டினேன். செடிக்கு அது ஒன்றும் இல்லை. நாள்தோறும் சமையற்காரர் பறிப்பதைவிடக் குறைவு. படம் நான் நினைத்தபடியே வந்தது. சில நாளில் சிறகு விரியும் காட்சியையும் எடுத்துவிடலாம் என்று மகிழ்ச்சியோடு அறைக்குத் திரும்பினேன்.

மறுநாட் காலை சென்று பார்த்தேன். தண்டில் பட்டு நூல் மட்டும் இருந்தது. அதில் கிழிந்த ஓடு ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பறவை என்று நான் பார்க்கவில்லை. வழியைத் திறந்து விட்டவன் யார் என்பது எனக்குத் தெரியும்.

முட்டையிலிருந்து கூடு வரை வந்த அந்த உயிருக்கு இருந்த காப்பு ஒன்றே ஒன்றுதான்: இலைகளின் நடுவே இலைபோல் இருத்தல். நான் ‘குறுக்கே நிற்கிறது’ என்று எண்ணிய இலைதான் அதன் வீட்டுச் சுவர். பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்த சிறுவனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவன் அறியாமல் செய்தான்; நான் லென்ஸின் கணக்கெல்லாம் அறிந்து செய்தேன்.

இன்னொரு குற்றமும் அதில் இருந்தது. அந்தப் படம் பொய். அத்தகைய கூடு அவ்வாறு திறந்த வெளியில் பளிச்சென்று தெரியும்படி இருப்பதில்லை. ஒளிந்திருப்பதே அதன் இயல்பு. ஒளிந்திருப்பதை ஒளிந்திருப்பதாகக் காட்டும் படமே மெய்யான படம். நான் காட்டியது என் கத்தரிக்கோல் செய்த ஒன்று.

செய்யத் தகாதன

இத்துறையில் வழங்கும் சில பழக்கங்களை வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து, பின்னர் ஒரு பூவின்மேல் அமர்த்தி எடுப்போர் உண்டு. “சில நிமிடந்தானே, பிறகு பறந்துவிடும்” என்று எனக்கும் ஒரு நண்பர் அறிவுரை சொன்னார். வைகறைக் குளிரில் அடங்கியிருக்கும் பூச்சி தானே தேர்ந்த இடத்தில் அடங்கியிருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து வந்ததோ நாம் போட்ட இடத்தில், ஓட வலுவின்றிக் கிடக்கிறது. உடல் சூடாகும்வரை எறும்புக்கும் பல்லிக்கும் எளிய இரை. பிசின் வைத்து ஒட்டுதல், இறந்ததை உயிருள்ளதுபோல் நிறுத்துதல், தண்ணீர் தெளித்துப் பனித்துளி என்று சொல்லுதல் என இவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும்.

செங்கொம்பைக் காட்டவேண்டும் என்று புழுவைக் குச்சியால் குத்துவதும் இவ்வகையே. அது நமக்கு வேடிக்கை. அதற்கு உயிர்ப் போராட்டம். இலையைப் புரட்டிப் பார்த்தால் மீண்டும் பழைய நிலையில் விடுங்கள். குறுக்கே நிற்கும் கிளையை வெட்டாமல் கையால் மெல்ல விலக்கி, எடுத்தபின் விட்டுவிடுங்கள். அதுவும் கூடாத இடத்தில் படத்தையே விட்டுவிடுங்கள். ஆய்வுக்கூடத்தில் மாதிரி எடுப்பதற்கு உரிய காரணமும் முறையும் உண்டு; அது வேறு. நமக்கு வேண்டியது ஒரு படம். அதற்காக ஓர் உயிர் போவதற்கு எந்தக் கணக்கும் ஈடு சொல்லாது.

படத்தின் பயன்

இதுவரை பெயரிட்டு அறியப்பட்ட பூச்சியினங்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை. இவை எங்கே, எப்போது, எந்தச் செடியில் காணப்படுகின்றன என்று ஒரு சிலரால் மட்டும் பார்த்து எழுதிவிட முடியாது. இங்கே மாணவரின் படம் உதவுகிறது. ‘ஐநேச்சுரலிஸ்ட்’ என்னும் இணையப் பதிவேடு 2008-இல் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர் சிலரின் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது. இன்று உலகெங்கும் உள்ளோர் எடுத்த படங்கள் அதில் சேர்கின்றன. அறிந்தோர் பெயர் சொல்லித் திருத்துகின்றனர். ஆய்வாளர் எடுத்துப் பயன்படுத்துகின்றனர்.

அங்கே படத்தோடு கேட்கப்படுபவை முதன்மையாக இரண்டு: இடம், நாள். நிலமும் பொழுதும்! இவ்விரண்டும் இல்லாத படம் எவ்வளவு அழகாயினும் ஆய்வுக்கு உதவாது. கைப்பேசியில் சற்றே மங்கலாக எடுத்ததாயினும், இவ்விரண்டும் செடியின் பெயரும் சேர்ந்த படம் பயன்படும். எனவே ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், இடம், செடி, அப்போது பூச்சி செய்துகொண்டிருந்த செயல் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். நீங்களாக எதையேனும் மாற்றி அமைத்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். ஹூக் தம் பிராந்தியை ஒளிக்கவில்லை அன்றோ?

நண்பர்களே, இவ்வாண்டு மழைக்குப் பின் அந்தக் கறிவேப்பிலைச் செடியில் மீண்டும் ஒரு கூடு கண்டேன். மூன்று இலைகள் அதனை மறைத்திருந்தன. பின்வாங்கி நின்று, இலைகளோடு சேர்த்தே எடுத்தேன். அப்படத்தில் கூடு எங்கே என்று உங்களால் உடனே சொல்ல முடியாது. அறை நண்பருக்கு நான் விரலால் தொட்டுக் காட்டவேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் விடியலில் சென்றேன். கூடு திறந்து வெறுமையாக இருந்தது. சற்று மேலே, கசங்கிய சிறகுகளைத் தொங்கவிட்டு உலர்த்தியபடி அழகி அமர்ந்திருந்தது. விரியும் காட்சியைச் சில நிமிடங்களில் தவறவிட்டேன். ஆயினும் மனத்தில் குறை இல்லை. ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு, அது பறந்து போகும்வரை பார்த்திருந்தேன்.

இம்முறை மன்ற விழாவில் பழைய படத்தை மாட்டமாட்டேன். புதியதை மாட்டுவேன்; கூடு எங்கே என்று நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். அதற்குமுன் ஒருநாள் விடியலில் சமையலறைப் பின்புறம் வாருங்கள். இரசத்துக்கு இலை பறிப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: பறிக்கும் முன் இலையின் அடிப்புறத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.